அலுங்காமல் கிளம்புகிறவர்

என் அத்தான் ஓட்டியது சாவு வண்டி. பக்கவாட்டில் 'அமரர் ஊர்தி' என்று மரியாதையாகத்தான் எழுதியிருக்கும். தெருவில் அதைப் பார்த்து ஒதுங்கி நிற்கிறவர்கள் அப்படியெல்லாம் நீட்டி முழக்குவதில்லை. அவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அக்கா சொன்ன அன்று, எங்களை வளர்த்த சித்தி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஊர்ல வேற வண்டியே ஓடலையாடி? லாரிக்காரன் கூடக் கிடைக்கலையா உனக்கு?"

அக்கா சிரித்துக்கொண்டே துணி மடித்தாள். அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, வீட்டில் யார் கத்தினாலும் அதே குரலில் அடக்கிவிடுவாள்.

அவருடன் அவளுக்குப் பழக்கம் ஏற்பட்டது எங்கள் அப்பாவைக் கொண்டுபோன அன்று. வண்டியின் பின்பகுதியில் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு. அதில் நானும் அக்காவும். அவள் பெட்டியின் மேல் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எரிச்சலாக இருந்ததாம். எல்லாம் ஏற்றியாகிவிட்டது, இன்னும் என்னத்துக்கு நிறுத்தி வைத்திருக்கிறான் இந்த ஆள் என்று. கண்ணைத் திறந்து சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தால் வண்டி எங்கள் தெருவைத் தாண்டி, கடைவீதியைத் தாண்டி, பாலத்தின் மேல் போய்க்கொண்டிருக்கிறது. கிளம்பியதே தெரியவில்லை. எனக்கும்தான் தெரியவில்லை. ஆனால் நான் அன்றைக்கு எதையும் கவனிக்கிற நிலையில் இல்லை.

வண்டி நின்றதும் அக்கா நேராக முன்பக்கம் போனாள். அப்பாவை இறக்குவதைக்கூட விட்டுவிட்டு அவரிடம் கேட்டாள்.

"எப்பங்க கிளம்பினோம்?"

"நீங்க தட்டினதும்" என்றார் அவர்.

அந்தத் தட்டுதான் அவருடைய தொழிலின் ஒரே சட்டம். ஓட்டுநருக்கும் பின்பகுதிக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்பு இருக்கிறது. பின்னால் நடப்பது அவருக்குத் தெரியாது. எல்லோரும் பார்த்து முடித்துவிட்டார்கள், இனி எடுத்துப் போகலாம் என்றால் இறந்தவருக்கு ரொம்ப நெருங்கியவர் யாரோ அவர் அந்தத் தடுப்பில் இரண்டு முறை தட்ட வேண்டும். வண்டியில் ஏற்றும்போதே அத்தான் இதைச் சொல்லிவிடுவார். அப்பாவுக்கு அக்காதான் தட்டியிருந்தாள். தட்டாமல் அவர் நகர மாட்டார். போக்குவரத்துப் போலீஸ்காரர் விசில் அடித்தாலும் சரி, பின்னால் பஸ்கள் வரிசைகட்டி ஹாரன் அடித்தாலும் சரி, ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

"அவசரப்பட்டு எடுத்துட்டா, பார்த்து முடிக்காதவங்க ஆயுசுக்கும் பார்த்துக்கிட்டே இருப்பாங்க மாப்ளே" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அப்போது அது எனக்கு வெறும் பேச்சாகத் தெரிந்தது.

என் தொழில் கார் பழுது பார்ப்பது. பொழுதுபோக்கும் அதேதான், அதற்கு மேல் கொஞ்சம் பைத்தியக்காரத்தனம். ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட ஒரு பழைய விமான ஓடுபாதை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களைப் போன்ற சிலர் அங்கே கூடி, இரண்டிரண்டு கார்களாக நிறுத்தி, நேர்க்கோட்டில் ஓட்டிப் பந்தயம் விடுவோம். வளைவு கிடையாது, திருப்பம் கிடையாது. வெள்ளைக் கோட்டிலிருந்து கிளம்பி எல்லைக் கம்பத்தைத் தொடுகிறவரை நேராகப் போக வேண்டும். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பிரேக் பிடித்து நிற்க நிறைய இடம் இருக்கிறது. அதற்கும் அப்பால் ஒரு கம்பி வேலி. வேலிக்குப் பின்னால் தண்ணீர் நிறைந்த பழைய கல்குவாரி.

என்னிடம் ஒரு சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. தாழ்ந்த உடம்பு, இரண்டு கதவு, இரண்டே இருக்கை, கையால் கியர் போடுகிற ரகம். யாரோ இடித்து நொறுக்கிப் போட்டதை வாங்கி, என் கையாலேயே உருவாக்கியது. இஞ்சின் பத்து ஊருக்குக் கேட்கும். ஆனால் நான் ஓட்டினால் தோற்கும். காரணம் கிளம்புகிற அந்த ஒரு நொடி.

நேர்ப் பந்தயத்தில் பாதி வெற்றி கோட்டிலேயே முடிவாகிவிடும். முதல் கியர் போட்டு, கிளட்சை முழுக்க அழுத்தி, இன்னொரு காலால் இஞ்சினை ஐயாயிரம் சுற்றுக்குக் கொண்டுபோய் அங்கேயே பிடித்து வைக்க வேண்டும். கிளட்ச் பிடிக்கிற இடம் என்று ஒன்று இருக்கிறது. அதுவரை மிதியை மெல்ல மேலே விட்டால் கார் முன்னால் போகத் துடித்துக்கொண்டு நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் மீதியை விட வேண்டும். சட்டென்று விட்டால் பின் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்று புகை கக்கும். தயங்கித் தயங்கி விட்டால் கிளட்ச் தீய்ந்து நாறும். சுற்று குறைந்தால் இஞ்சின் விக்கி அணைந்துவிடும். இந்த மூன்றையும் நான் மாற்றி மாற்றிச் செய்துகொண்டிருந்தேன்.

வேடிக்கை பார்க்க வந்த அக்காதான் ஒரு நாள் சொன்னாள்.

"நின்ன இடத்துலயே புகை போடறதுக்கு எதுக்குடா இவ்வளவு தூரம் வரணும்? வீட்லயே கொசுவத்தி கொளுத்திக்கலாமே. இறங்கு, உங்க அத்தான் உட்காரட்டும்."

அத்தான் உட்கார்ந்தார். பச்சை எரிந்தது. பக்கத்துக் கார் பறந்துபோய்விட்டது. இவர் அப்படியே இருந்தார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினேன்.

"என்னாச்சு அத்தான்?"

"யாரும் தட்டலையே மாப்ளே" என்றார் வெகுளியாக.

தலையில் அடித்துக்கொண்டேன். அக்காவுக்கோ சிரிப்பு தாங்கவில்லை. அடுத்த ஓட்டத்துக்கு அவளே காரின் பின்னால் போய் நின்றாள். சக்கரம் கோட்டில் நேராக நிற்கிறதா என்று குனிந்து பார்த்தாள். டிக்கியின் மேல் இரண்டு முறை தட்டிவிட்டு ஓரமாக ஒதுங்கினாள். முதல் தட்டு மெதுவாக, இரண்டாவது கொஞ்சம் அழுத்தி. சின்ன வயதில் என்னைத் தூக்கத்திலிருந்து எழுப்ப முதுகில் அவள் தட்டுவதும் அதே மாதிரிதான். முதலாவது கொஞ்சல், இரண்டாவது மிரட்டல்.

பச்சை எரிந்தது. கிறீச்சென்ற சத்தம் இல்லை, புகை இல்லை, குலுங்கல் இல்லை. கார் கோட்டில் இருந்தது, பிறகு இல்லை. அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும். நான் பார்த்துக்கொண்டேதான் நின்றேன். ஆனால் அது கிளம்பிய நொடியை என் கண் பிடிக்கவில்லை. எங்கள் கூட்டத்தில் யாராலும் தோற்கடிக்க முடியாத பல் டாக்டர் ஒருவர் உண்டு. உண்மையிலேயே நன்றாக ஓட்டுகிறவர். அவர் அன்று தன் வெள்ளைக் காரிலிருந்து இறங்கி வந்து, "அலுங்காம கிளம்புறீங்களே, எப்படிங்க?" என்று கேட்டார். அதுவே பட்டப்பெயராகிவிட்டது. அதன் பிறகு ஓடுபாதையில் அத்தானை எல்லோரும் 'அலுங்காமல்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

நல்ல காலம் அது. வாரம் முழுக்க அவர் ஊராரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். ஞாயிற்றுக்கிழமை அக்கா தட்டுவாள், அவர் பறப்பார். டாக்டரும் அவரும் மாறி மாறி ஜெயிப்பார்கள். திரும்பும்போது அக்காவும் அத்தானும் நானும் என் பட்டறை வாசலில் உட்கார்ந்து தேநீர் குடிப்போம். அக்கா அவரைச் சீண்டுவாள்.

"பந்தயத்துல மட்டும் இவ்வளவு வேகம். கடைக்குப் போய்ட்டு வாங்கன்னா மட்டும் யாராவது தட்டணும்."

பிறகு அக்கா செத்துப்போனாள். மழுப்பிச் சொல்ல எனக்கு வராது. காய்ச்சல் என்று போய்ப் படுத்தாள், தான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே. அவள் நுரையீரலைப் படம் எடுத்தது அவளுடைய தோழி. "பிடிங்க" என்று சொன்னபோது அக்காவால் மூச்சைப் பிடிக்க முடியவில்லையாம். சில நாளில் முடிந்துவிட்டது.

யார் கொண்டுபோவது என்ற பேச்சு வந்தபோது அத்தான் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார். நாங்கள் எல்லோரும் தடுத்தோம். அவரோடு வேலை செய்யும் இன்னொரு ஓட்டுநர் கெஞ்சினார். "இன்னிக்கு ஒரு நாள் நான் எடுக்கிறேன்ணே. நீங்க பின்னால அவங்க பக்கத்துல உட்காருங்க."

"நீ எடுத்தா அலுங்கும்" என்றார் அத்தான்.

ஆஸ்பத்திரியின் பின்வாசலில் அக்காவை ஏற்றினார்கள். பெஞ்சில் நானும் சித்தியும் மட்டும். கதவைச் சாத்தினார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தட்ட வேண்டியவர் ரொம்ப நெருங்கியவர். அவளுக்கு ரொம்ப நெருங்கியவர் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார். இத்தனை வருஷத் தொழிலில் அவர் இதை யோசிக்கவே இல்லை. நான்தான் தட்டியாக வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக் கையைத் தூக்கப் போனேன்.

தடுப்பில் இரண்டு தட்டு கேட்டது.

முதலாவது மெதுவாக. இரண்டாவது கொஞ்சம் அழுத்தி.

சித்தி தட்டிவிட்டாள் என்று நினைத்தேன். அவள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். ஜன்னலைப் பார்த்தேன். தெரு நகர்ந்துகொண்டிருந்தது. எப்போது கிளம்பினோம் என்று எனக்குத் தெரியவில்லை.

மயானத்தில் எல்லாம் முடிந்து கை கால் கழுவும்போது அத்தான் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"யாரு மாப்ளே தட்டினது?"

"நான் தட்டல அத்தான். சித்தியா இருக்கும்."

"நான் எங்கடா தட்டினேன்? நீதான் தட்டினேன்னு நினைச்சேன்" என்றாள் சித்தி, மூக்கைத் துடைத்துக்கொண்டு.

அத்தான் குழாயை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

சில வாரம் கழித்து அவரே பட்டறைக்கு வந்து, "ஞாயித்துக்கிழமை போலாமா?" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மனுஷன் மெல்லத் தேறி வருகிறார் என்று நினைத்தேன். ஓடுபாதையில் அக்கா நின்ற இடத்தில் நான் போய் நின்றேன். குனிந்து சக்கரம் பார்த்தேன். டிக்கியில் இரண்டு தட்டு தட்டிவிட்டு ஒதுங்கினேன். பச்சை எரிந்தது. டாக்டர் பறந்தார். அத்தான் நகரவில்லை. சரி, பழைய கதை, என் தட்டு அவருக்குக் கேட்கவில்லை என்று நினைத்து மறுபடி தட்டப் போனேன். என் கை டிக்கிக்கு மேலே காற்றில் இருக்கும்போதே கார் போய்விட்டது. கீழே வந்த கை வெறும் காற்றில் இறங்க, நான் தடுமாறினேன்.

திரும்பி வந்தவரிடம் கேட்டேன்.

"நான் தட்டினது கேட்கலையா?"

"கேட்டுச்சு மாப்ளே. நீ தட்டினதும் கேட்டுச்சு."

அந்த 'உம்' என் முதுகில் ஈரத்துணி போட்ட மாதிரி இருந்தது.

அதிலிருந்து ஒவ்வொரு வாரமும் அப்படித்தான். சில நாள் பச்சை எரிந்து அடுத்தவர் பாதித் தூரம் போகும்வரை உட்கார்ந்திருப்பார். பிறகு எங்கிருந்தோ உத்தரவு வந்த மாதிரி கிளம்புவார். ஜெயிப்பது தோற்பது எதுவும் அவருக்குப் பொருட்டாக இல்லை. நான் ஒரு காரியம் செய்தேன். பழைய மெத்தையைக் கிழித்து, டிக்கிக்கு உள்ளே பஞ்சை அடைத்து, மேல் தகட்டின் அடியிலும் ஒட்டிவிட்டேன். எவ்வளவு ஓங்கித் தட்டினாலும் தலையணையில் குத்திய மாதிரி பொத்தென்று அமுங்கிப்போகும். அத்தான் திறந்து பார்த்துவிட்டு, "உள்ளே யாராவது படுக்கப் போறாங்களா?" என்று மட்டும் கேட்டார். அந்த ஞாயிறு நான் தட்டவே இல்லை. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் கிளம்பினார்.

அன்றுதான் இன்னொன்றையும் கவனித்தேன். எல்லைக் கம்பத்தைத் தாண்டியதும் எல்லோருடைய காரிலும் பின்னால் சிவப்பு விளக்கு எரியும். பிரேக். அத்தானுடையது எரியவில்லை. எவ்வளவோ தூரம் போன பிறகுதான் எரிந்தது. அடுத்த வாரம் இன்னும் தள்ளி. அதற்கடுத்த வாரம் அவர் வேலியோரப் புல்லுக்குள் போய்த்தான் நின்றார். விளக்குக் கம்பத்தடியில் நின்று பச்சை போடுகிற பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, உங்க ஆளுக்குப் பிரேக்ல கோளாறா, மனசுல கோளாறா?"

பிரேக்கைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. அத்தானிடம் கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் பெரியவர் சின்னவர் பார்க்கத் தெரியாது.

"என்ன நினைச்சுக்கிட்டு இருக்கீங்க? வேலிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு தெரியும்ல?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் பிரேக் போட மாட்டேங்கிறீங்க?"

அவர் தேநீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வது மாதிரி சொன்னார்.

"இன்னும் கொஞ்ச தூரங்கிறா மாப்ளே."

நான் அன்று இரவு தூங்கவில்லை. மறுநாள் காரின் பேட்டரியைக் கழற்றி ஒளித்து வைத்தேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பட்டறைக்குத் திரும்பினால், கொட்டகைக்குள் சிவப்புக் காரில் அத்தான் உட்கார்ந்திருக்கிறார். வெளியே வெயில் கொளுத்துகிறது, பக்கத்துக் கடையில் ரேடியோ பாடுகிறது. இவர் செத்த காரில், கிளட்சை முழுக்க அழுத்தி, முதல் கியர் போட்டு, கண்ணாடி வழியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறார்.

"பேட்டரி இல்ல அத்தான். இறங்குங்க."

"பரவாயில்ல. கார் இல்லேன்னா வேன் இருக்கு" என்றார்.

வேன் என்று அவர் சொன்னது சாவு வண்டியை. வேனில் எப்போதும் பின்னால் நாலு பேர் இருப்பார்கள். அதோடு வேன் தெருவில் ஓடுவது. பேட்டரியைத் திரும்ப மாட்டினேன். எதுவானாலும் என் கண் முன்னால் நடக்கட்டும் என்று முடிவு செய்தேன். அவரையும் பறிகொடுக்க நான் தயாராக இல்லை. எனக்கென்று மிச்சம் இருந்த மனுஷர் அவரும் சித்தியும்தான்.

அடுத்த ஞாயிறு. மேகமூட்டம். காற்றே இல்லை. பந்தயத்துக்கு முன்னால் ஒத்திகை ஓட்டம் விடுவது வழக்கம். அதில் பக்கத்து இருக்கையில் ஆள் உட்கார அனுமதி உண்டு. அத்தான் காரைக் கோட்டில் நிறுத்தியதும் கதவைத் திறந்து நான் ஏறிக்கொண்டேன்.

"என்ன மாப்ளே?"

"நானும் வரேன்."

"எடை கூடும்."

"கூடட்டும். உங்களோட வரேன். எவ்வளவு தூரம் போறீங்களோ அவ்வளவு தூரம்."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பெல்ட்டை இழுத்து எனக்குப் போட்டுவிட்டார். சாவு வண்டியில் சொந்தக்காரர்களை உட்கார வைக்கும்போது காட்டுகிற அதே பக்குவம். அது எனக்குப் பிடிக்கவில்லை. பின்னால் தட்ட யாரும் இல்லை. பக்கத்துத் தடத்தில் வெள்ளைக் காரில் டாக்டர்.

அத்தான் இஞ்சினை ஏற்றினார். ஐயாயிரம் சுற்றில் அந்தக் காருக்குள் உட்கார்ந்தால் பக்கத்தில் கத்தினால்தான் பேச்சு கேட்கும். பல் கூசும். இருக்கை அதிரும். டிக்கியில் சுத்தியலால் அடித்தாலும் இங்கே கேட்க வழியில்லை என்பது அந்த நிமிஷம்தான் எனக்குப் புரிந்தது. இஞ்சினை ஏற்றிய பிறகு எந்தத் தட்டும் அவருக்குக் கேட்டிருக்க முடியாது. அப்படியென்றால் எதைக் கேட்டு இவர் கிளம்பிக்கொண்டிருந்தார்?

கிளட்சை மெல்ல விட்டார். பிடிக்கிற இடத்தில் கார் துடித்துக்கொண்டு நின்றது. மஞ்சள் எரிந்தது. பச்சை எரிந்தது. டாக்டர் போய்விட்டார். அத்தான் அசையவில்லை. கண்ணாடியில் தூரத்து வேலி மெல்லிய கோடாகத் தெரிந்தது. அவர் உதடு அசைந்தது. 'பிடிங்க' என்று சொல்கிற மாதிரி இருந்தது.

அப்போது என் முதுகில் தட்டு விழுந்தது.

இருக்கை வழியாக. நடு முதுகில். முதலாவது மெதுவாக, கொஞ்சலாக. இரண்டாவது அழுத்தி, நான் முன்னால் குலுங்குகிற அளவுக்கு. அதிர்ச்சியில் கத்திவிட்டேன்.

அத்தான் திரும்பினார். அவருக்கு எந்தத் தட்டும் விழவில்லை. அது அவர் முகத்திலேயே தெரிந்தது. காலை மிதியிலிருந்து எடுக்காமல் கத்திக் கேட்டார்.

"என்ன? என்னாச்சு?"

"தட்டிட்டா அத்தான்."

"எங்க?"

"என் முதுகுல. என்னைத்தான் தட்டினா."

அவர் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். இஞ்சின் சட்டென்று அடங்கியது. அவரே அணைத்துவிட்டார். ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். என் பெல்ட்டைப் பிடித்து இழுத்துக் கழற்றி, என்மேல் குறுக்கே விழுந்து என் பக்கக் கதவைத் திறந்தார்.

"இறங்கு. இறங்குடா!"

"அத்தான்..."

"உயிரோட இருக்கிறவனை ஏத்திக்கிட்டுப் போற வண்டியா இது? இறங்குன்னு சொல்றேன்ல!"

என்னை அவர் 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. என்னைத் தள்ளி இறக்கினார். தானும் இறங்கி, காரைச் சுற்றி ஓடி வந்து, என் தோள், கை, முதுகு எல்லாம் தடவிப் பார்த்தார், ஏதோ விபத்திலிருந்து என்னை வெளியே எடுத்த மாதிரி. நான் அவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் பயம்தான். ஆனால் பயத்தைவிட நிம்மதி பெரிதாக இருந்தது. இவர் என்னை விட்டுவிட்டுப் போகத் துணிந்தவர், என்னைக் கூட்டிக்கொண்டு போகத் துணியவில்லை. அக்காவுக்கு அது தெரிந்திருக்கிறது. எங்கே தட்டினால் இந்த மனுஷன் நிற்பார் என்று அவளுக்குத் தெரியாதா?

கொஞ்ச நேரம் கழித்து அவர் விலகி நின்றார். காரையே பார்த்தார்.

"அன்னிக்கு நான்ல மாப்ளே தட்டியிருக்கணும்" என்றார். "நான் சாவியைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டேன். தட்ட ஆளில்லாம அவளே தட்டிக்கிட்டா. நான் இன்னும் அவளைப் பார்த்தே முடிக்கல."

அவர் காரின் பின்னால் போனார். அக்கா நிற்கிற இடத்தில் நின்றார். அவளைப் போலவே குனிந்து சக்கரங்களைப் பார்த்தார். நிமிர்ந்து, ரொம்ப நேரம் டிக்கியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். விளக்குக்காரப் பெரியவர் கம்பத்தடியிலிருந்து தண்ணீர் பாட்டிலோடு எங்களை நோக்கி வந்தார்.

பிறகு அத்தான் தட்டினார். இரண்டு முறை. இரண்டும் ஒரே மாதிரி, மெதுவாக. உள்ளே பஞ்சு அடைத்திருந்த டிக்கி அது. ஆனாலும் தகரத் தடுப்பில் தட்டுகிற மாதிரி கணீரென்று கேட்டது.

அவர் தோளில் கையைப் போட்டு ஓரத்துக்கு அழைத்து வந்தேன். பெரியவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அத்தான் குடித்தார். அதற்குள் டாக்டர் ஓடுபாதையின் மறுமுனையிலிருந்து மெதுவாக ஓட்டி வந்து, காரை நிறுத்திவிட்டு இறங்கினார். எங்களைத் தாண்டி அவர் பார்வை போனது. அவர் முகம் மாறியது.

நான் திரும்பினேன். சிவப்புக் கார் கோட்டில் இல்லை. கோட்டைத் தாண்டி முழுசாக ஒரு கார் நீளம் முன்னால் நின்றுகொண்டிருந்தது. ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். இஞ்சின் அணைந்திருக்கிறது. முதல் கியரில் இருக்கிறது. இழுத்த ஹேண்ட்பிரேக் இழுத்தபடி இருக்கிறது. அந்த இடம் தண்ணீர் ஊற்றினால்கூட எந்தப் பக்கமும் ஓடாத சமதரை. பெரியவர் அந்தக் காரைப் பார்த்தபடிதான் நின்றிருந்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு, நகர்ந்ததை நான் பார்க்கவில்லையே என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

"என்னங்க இது?" என்றார் டாக்டர். "எப்ப கிளம்புச்சு?"

அத்தான் பாட்டிலின் மூடியைத் திருகி மூடினார். அக்கா போன பிறகு ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடாத மனுஷர். இப்போது கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

"நான் தட்டினதும்" என்றார்.